பச்சை விளக்கும் பதினான்கு மணல் மூட்டைகளும்

கடந்த மாதம் ஓய்வுபெற்றேன். பிரியாவிடைத் தேநீரின்போது, புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சேர், நீங்க முந்தி வயர்லெஸ் கார்டுக்கு டிரைவர் எழுதினீங்களாமே. அத ஏன் எழுதணும்? கார்ட போட்டா அது பாட்டுக்கு வேல செய்யும்தானே?" என்று கேட்டார். நான் பேனையை எடுத்து மேசைத்தாளில் ஒரு படம் வரையத் தொடங்கினேன். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அவரும் இல்லை, மேசைத்தாளும் இல்லை. எனவே பதிலை இங்கே எழுதுகிறேன்.

கணினிக்குள் இருக்கும் இயங்குதளத்துக்குக் கார்டின் பாஷை தெரியாது. கார்டுக்கு இயங்குதளத்தின் பாஷை தெரியாது. இரண்டுக்கும் நடுவே, அரசாங்கக் கச்சேரியில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரைப் போல ஒரு சிறிய நிரல் நிற்கிறது. அதுதான் டிரைவர். நல்ல மொழிபெயர்ப்பாளர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. கூடாதவர் இருந்தால் ஊருக்கே தெரியும். விலைக்கு வாங்கும் இயங்குதளங்களுக்கு, கார்டைச் செய்த கம்பனியே டிரைவரையும் எழுதிக் கொடுக்கும். நாங்கள் பாவித்தது திறந்த மூல இயங்குதளம். உலகெங்கும் உள்ளவர்கள் சும்மா கிடைக்கும் நேரத்தில் எழுதிச் சேர்த்தது. அதற்கு எந்தக் கம்பனியும் டிரைவர் தராது. தேவைப்பட்டவன் எழுத வேண்டும்.

என் படிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் இலத்திரனியல் படித்து, கண்டியில் ஓர் அரச பயிற்சி நிலையத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாகச் சேர்ந்தேன். கொழும்பில் கலவரத்தின்போது நான் இருந்த அறை எரிந்தது. அதில் போனவற்றுள் என் முதல் நான்கு டயரிகளும் அடக்கம். அதன்பின் இன்னும் கவனமாக எழுதத் தொடங்கினேன். அதுவரை நாளை மட்டும் குறித்தவன், நிமிடத்தையும் குறிக்கலானேன். இந்தப் பழக்கம் நல்லதா கெட்டதா என்பதை வாசகர் கடைசியில் தீர்மானிக்கலாம்.

எங்கள் பயிற்சி நிலையம் ஒரு மேட்டில், வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடத்தில் இருந்தது. சுவர் ஒவ்வொன்றும் இரண்டடித் தடிப்பு. கணினி வகுப்பு ஒன்று தொடங்க முப்பத்திரண்டு கணினிகள் வந்திறங்கின. ஆனால் கேபிள் இழுக்கச் சுவரில் துளை போடக் கூடாது என்று பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வயரில்லாத வழிதான் மிச்சம். எங்கள் தலைவர் ஹில்மி என்னைக் கூப்பிட்டார். அவர் கண்டிக்குப் பக்கத்து ஊரான மடவளைக்காரர். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கேட்கும்போது மாட்டிக்கொள்வார். கழற்றியிருந்தால் நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்று அர்த்தம்.

"சிவநேசன், முப்பத்திரண்டு கார்ட் ஈக்குது. பழைய மாடல். நம்மட சிஸ்டத்துல இது ஓடுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இனி நான் பேசலாம்.

"ஓடும் சேர், ஆனால் அதின்ரை டிரைவரைப் பராமரிச்ச ஆள் விட்டுட்டுப் போட்டார். ஆரும் பொறுப்பெடுத்தால்..."

"ஒரே வார்த்த கேட்டேன்."

"ஓடும்."

அவர் கையொப்பமிட்டார். என் ஒரு வார்த்தையின் மேல் முப்பத்திரண்டு கணினிகள் ஏறி உட்கார்ந்தன. அன்று பின்னேரமே அந்த டிரைவரின் பராமரிப்பாளராக இருக்க விரும்புகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். போட்டிக்கு யாரும் இல்லை.

அப்படித்தான் எனக்கு இரண்டாவது மேலதிகாரி கிடைத்தார். பெயர் எர்லிங். வடக்கே எங்கோ பனி விழும் நாட்டுக்காரர். வயர்லெஸ் டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நாங்கள் செய்யும் திருத்தம் ஒவ்வொன்றும் முதலில் எல்லோரும் பார்க்கும் அஞ்சல் பட்டியலுக்குப் போக வேண்டும். ஒரு திருத்தம் ஒரு காரியத்தை மட்டுமே செய்ய வேண்டும். என்ன செய்தோம் என்பதை விட ஏன் செய்தோம் என்பதை எழுத வேண்டும். கீழே எழுதியவர் பெயர், சோதித்தவர் பெயர். இவ்வளவும் சரியாக இருந்தால் எர்லிங் அதை ஏற்றுக்கொள்வார், அதாவது, "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரு சொல் அனுப்புவார். வணக்கம் இல்லை, நன்றி இல்லை, கீழே பெயரும் இல்லை.

என் முதல் திருத்தத்துக்கு நான்கு பக்க விளக்கம் எழுதி அனுப்பினேன். "மூன்று" என்று பதில் வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது வரியா, மூன்றாவது பக்கமா, மூன்றாவது தடவையா? ஒரே திருத்தத்தில் நான் மூன்று காரியம் செய்திருந்தேன் என்பது மூன்றாம் நாள் விளங்கியது. பிரித்து மூன்றாக அனுப்பினேன். மூன்று முறை "ஏற்றுக்கொள்ளப்பட்டது" வந்தது. டயரியில் மூன்றையும் தனித்தனியே நேரத்தோடு குறித்தேன். கலியாண நாளுக்குக்கூட நான் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன் என்று என் மனைவி பிற்பாடு சுட்டிக்காட்டினா.

சில மாதங்கள் அமைதியாகப் போயின. வகுப்பு தொடங்கும் நாள் நெருங்கியபோது ஹில்மி என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கண்ணாடி கையில் இருந்தது.

"இங்க பாருங்க. நீங்க வந்து கதிரையில இருந்தா நெட் வேல செய்யுது. நீங்க எழும்பிப் போனா கொஞ்ச நேரத்துல செத்துப்போகுது. இது கம்பியூட்டரா, வீட்டு நாயா?"

அன்று அவர் அறையில் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் இருந்தேன். இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. நான் வெளியே போய்ச் சோறு சாப்பிட்டுத் திரும்பியபோது அறுந்திருந்தது. அதே வாரம் அஞ்சல் பட்டியலிலும் இதே முறைப்பாடு இரண்டு வந்தது; ஒன்று பிரேசிலிலிருந்து, மற்றது பின்லாந்திலிருந்து. எர்லிங் எழுதினார்: "பழுது. மூன்று வாரம். பிறகு நீக்குவேன்."

நீக்குவது என்றால், அடுத்த பதிப்பில் எங்கள் கார்டுக்கு மொழிபெயர்ப்பாளரே இருக்க மாட்டார். முப்பத்திரண்டு கணினிகளும் ஊமை. ஹில்மி ஒப்பமிட்டது என் வார்த்தைக்கு. டிரைவரின் தலைப்பில் பராமரிப்பாளர் என்று இருப்பது என் பெயர். மூன்று வாரத்தில் பழுதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

குற்றவாளி சுவர்தான் என்று முடிவு செய்தேன். இரண்டடிச் சுவர் சமிக்ஞையைக் குடிக்கிறது. ஆட்கள் நடமாடும்போது அது இன்னும் மெலிந்து அறுகிறது. நிரூபிக்க வேண்டுமானால், எந்தத் தூரத்தில் எவ்வளவு சமிக்ஞை கிடைக்கிறது என்று அளக்க வேண்டும். எங்கள் மாடியில் இருந்த அன்ரெனாவிலிருந்து கீழே வீதி வரை மறைப்பில்லாமல் தெரியும். மடிக்கணினியில் கார்டைச் செருகினேன். கார்டின் முனையில் ஒரு பச்சை விளக்கு. இணைப்பு இருக்கிறது என்று டிரைவர் நம்பும்வரை அது எரியும். ஒவ்வொரு நிலையிலும் நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பொத்தானை அழுத்துவேன். சமிக்ஞை எவ்வளவு என்று கார்டு சொல்லும். அதை நேரத்தோடு கொப்பியில் எழுதுவேன். சுற்றியுள்ள மறைப்புகளையும் எழுதுவேன்: மரம், மதில், நிறுத்திய பஸ். ஒன்பது நாள், நாளுக்கு ஏழு நிலை. ஏழாவது நிலை, மேட்டின் அடிவாரத்தில் இருந்த பொலிஸ் சோதனைச் சாவடிக்கு எதிரே.

அப்போது யுத்தநிறுத்தம் காகிதத்தில் மட்டும் இருந்தது. எடுத்துப் போயிருந்த சோதனைச் சாவடிகள் எல்லாம் வீதிகளுக்குத் திரும்பியிருந்தன. அடையாள அட்டையை நான் மேல்சட்டைப் பையில் வைப்பேன். வெளியூர்த் தமிழரிடம் கேட்கும் பொலிஸ் பதிவுத் துண்டை அதன் பின்னால் மடித்து வைப்பேன். கேட்டால் இரண்டையும் நான்கு விநாடியில் எடுப்பேன். ஆகவே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் ஒன்பது நாள், தினமும் அதே நேரத்தில், சாவடிக்கு எதிரே நின்று கொப்பியில் எழுதுவது பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் பின்னேரம் மூன்று பதினாறுக்கு, சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன் பண்டார வீதியைக் கடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும்; மெலிந்த, ஆறுதலான மனிதர். நாங்கள் பேசியது சிங்களத்தில். தமிழில் எழுதுகிறேன்.

"மாத்தயா, உள்ளே வந்து உட்காருங்கள். அந்தப் பெட்டியையும் கொண்டு வாருங்கள்."

சாவடிக்குள் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு மின்சாரக் கேத்தல். மடிக்கணினியைத் திறந்தபடியே மேசையில் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அவர் கொப்பியைப் புரட்டினார். தமிழ் வாசிக்கத் தெரியாததால் எண்களைப் பார்த்தார். பிறகு அன்றைய பக்கத்தில் விரலை வைத்து வாசிக்கச் சொன்னார். உள்ளதை உள்ளபடி வாசிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"நிலை ஏழு. பொலிஸ் சாவடிக்கு எதிரே. ஆள் இரண்டு. மணல் மூட்டை பதினான்கு."

"மூட்டையை ஏன் எண்ணினீர்கள்?"

"மணல் சமிக்ஞையைத் தடுக்கும் சார்ஜன். அதனால் குறித்தேன்."

"பன்னிரண்டு."

"பதினான்கு."

அவர் எழுந்து வெளியே போனார். குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவது வாசலால் தெரிந்தது. திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்து, ஓர் எண்ணை வெட்டி வேறொன்று எழுதினார்.

"உங்கள் பெரியவருக்குக் கோல் எடுத்திருக்கிறோம். அவர் வரும்வரை கையை மேசையில் வையுங்கள். பெட்டியைத் தொட வேண்டாம்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று இருபத்திரண்டு. கடைசியாகப் பொத்தானை அழுத்தி ஆறு நிமிடம். ஒன்பது நாளில் ஒரு வாசிப்பைக்கூடத் தவறவிடாதவன் நான்.

"சார்ஜன், ஒரு சின்னக் காரியம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நான் இதில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்."

"அழுத்தாவிட்டால் என்ன நடக்கும்?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "தெரியாது," என்றேன். "இதுவரை அழுத்தாமல் விட்டதே இல்லை."

சாவடியில் இருந்த மற்றக் காவலர் தன் துவக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சார்ஜன் போகவில்லை. ஆனால் கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டுக்கொண்டு, பச்சை விளக்கையே பார்த்தபடி இருந்தார். நான் என் கைகளைப் பார்த்தபடி இருந்தேன். விரல்கள் தாமாகவே அசைந்தன. ஒவ்வொரு முறையும் சார்ஜன் தொண்டையைச் செருமினார்.

"அணைந்துவிட்டது," என்றார் திடீரென்று, மிக மெதுவான குரலில்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மூன்று இருபத்தேழு."

எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அங்கே சுவர் இல்லை, மேலே மாடி நேராகத் தெரிகிறது, அரை நிமிடம் முன்வரை சமிக்ஞை நன்றாக இருந்தது. அறுந்ததற்கு ஒரே காரணம், நான் பதினொரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்ததுதான். ஒன்பது நாளாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கார்டைத் தட்டித் தட்டி, "சமிக்ஞை எவ்வளவு?" என்று கேட்டது நான். அதை உறங்கவே விடாமல் காவல் இருந்ததும் நான். பழுதைத் தேடிப்போன என் கொப்பிதான் பழுது தலைகாட்டாமல் பார்த்துக்கொண்டது.

"சார்ஜன், தயவுசெய்து இன்னொரு தடவை பார்க்கலாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனாலும் ஹில்மி வரும்வரை செய்வதற்கு வேறொன்றும் இல்லை. அவர் கண் முன்னாலேயே ஒரே ஒரு தடவை அழுத்த அனுமதித்தார். விளக்கு எரிந்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். மீண்டும் பதினோராவது நிமிடம் அணைந்தது. இந்தத் தடவை சார்ஜன் கதிரையைச் சுவரிலிருந்து மேசைக்கு இழுத்துவிட்டிருந்தார்.

ஹில்மி வியர்த்தபடி வந்து சேர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, அச்சுப் பிசகாத சிங்களத்தில் சொன்னார்: "சார்ஜன், இவர் ஆபத்தான ஆள் இல்லை. அலுப்பான ஆள். அது பொலிஸ் விஷயம் இல்லை, எங்கள் கந்தோர் விஷயம்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "உங்களால எனக்கு இன்டைக்கு அஸர் தொழுகையும் பிந்திட்டுது," என்றார்.

"சேர், பழுதைக் கண்டுபிடிச்சிட்டன்."

"ஆர் கண்டுபிடிச்ச?"

யோசித்துப் பார்த்தேன். "சார்ஜன்," என்றேன்.

பழுது இதுதான். பத்து நிமிடம் எவரும் எதுவும் கேட்காவிட்டால் கார்டு உறங்கப் போகும். பிறகு இயங்குதளம் ஏதாவது கேட்டால், டிரைவர் அதை எழுப்பி உடனே கேள்வியைக் கேட்கும். கார்டுக்கோ எழும்பிக் கண்ணைக் கசக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பதில் வராததால் கார்டு செத்துவிட்டது என்று டிரைவர் முடிவுகட்டி இணைப்பைத் துண்டித்துவிடும். மதிய உணவுக்குப் பிறகு எங்கள் கந்தோரில் எவருக்கும் செய்யத் துணியாத அநியாயம். திருத்தம் ஐந்து வரி: எழுப்பு, காத்திரு, தயாரா என்று கேள், இல்லையென்றால் இன்னும் காத்திரு, தயாரானதும் பேசு.

ஒரு காரியம், ஒரு திருத்தம், ஏன் என்ற விளக்கம் பன்னிரண்டு வரி. அனுப்பினேன். எர்லிங்கின் பதில்: "யார் சோதித்தார்?"

பிரேசில்காரர் வேறு கார்டு வாங்கிவிட்டார். பின்லாந்துக்காரர் மடிக்கணினியையே விற்றுவிட்டார். எங்கள் நிலையத்தில் என் கீழே வேலை செய்பவர்களின் சாட்சி செல்லாது. ஹில்மி தானாக முன்வந்தார். ஒன்பதாவது நிமிடம் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துவிட்டார். நடந்ததை எல்லாம் எர்லிங்குக்கு எழுதினேன், சாவடி உட்பட. மூன்று வாரம் முடிய மூன்று நாள் இருந்தது. பதில் வந்தது: "கண்டவர் மறுபடி காணட்டும்."

அடுத்த நாள் மதியம், வாழ்க்கையில் முதல்தடவையாக, கூப்பிடாமலே ஒரு சோதனைச் சாவடிக்குள் போனேன். சார்ஜன் பண்டாரவிடம் விஷயத்தைச் சொன்னேன். திருத்திவிட்டேன், ஆனால் வெளிநாட்டில் ஒருவர் நம்பவில்லை.

"எதை நம்பவில்லை? விளக்கு அணைந்ததையா?"

"அணைந்ததை நம்புகிறார். இனி அணையாது என்பதை நம்பவில்லை. நீங்கள் பார்த்துச் சொன்னால் நம்புவார்."

"இருபத்தேழு வருடமாகப் பார்க்கிறேன் மாத்தயா. பார்ப்பதுதான் என் வேலை. நான் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்ட முதல் ஆள் அந்த வெள்ளைக்காரன்தான். பெயர் போட முடியாது. பணியிலிருந்த சார்ஜன் என்று போடுங்கள்."

பற்றரி அவ்வளவு நேரம் தாங்காது என்பதால் கேத்தலின் இணைப்பைக் கழற்றி மடிக்கணினிக்குக் கொடுத்தார். மற்றக் காவலருக்கு அன்று தேநீர் இல்லை. அவர் அதை மன்னித்ததாகத் தெரியவில்லை. சார்ஜன் புதிய அப்பியாசக் கொப்பி ஒன்றில் கோடு போட்டார். இடையிடையே வாகனங்களை நிறுத்தி, அட்டை பார்த்து, அனுப்பிவிட்டு வந்து விளக்கைப் பார்த்து எழுதினார். நான் மூலைக் கதிரையில், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோராவது நிமிடம் வந்தது. விளக்கு எரிந்தது. இருபத்திரண்டாவது நிமிடம் வந்தது. எரிந்தது. ஒரு மணி நேரம் கடந்தபின் எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தத் தூரத்தில் சமிக்ஞை எவ்வளவு என்று ஒரேயொரு தடவை பார்த்தால் அறிக்கை முழுமையாக இருக்கும் அல்லவா? எழுந்தேன். அதன் விளைவைச் சார்ஜனே எழுதியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அந்தக் கொப்பியை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்து எர்லிங்குக்கு அனுப்பினேன். மூன்று மணி நேரத்துக்கு முப்பத்தாறு வரிகள். பெரும்பாலானவை ஒரே மாதிரி. நடுவில் இருந்து கொஞ்சம்:

14.05 – விளக்கு எரிகிறது.
14.10 – விளக்கு எரிகிறது. மரக்கறி லொறி சோதிக்கப்பட்டது.
14.15 – விளக்கு எரிகிறது. உரிமையாளர் இயந்திரத்தைத் தொட முயன்றார். எச்சரிக்கப்பட்டார்.
14.20 – விளக்கு எரிகிறது. உரிமையாளர் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலை எட்டு ஆறுக்குப் பதில் வந்தது. கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஹில்மி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. எர்லிங் எனக்கு எழுதியவற்றுள் மிக நீளமான கடிதம் அது, இரண்டு வரி.

"ஏற்றுக்கொள்ளப்பட்டது.

உரிமையாளரைத் தொடர்ந்து எச்சரிக்கும்படி சார்ஜனிடம் சொல்லவும்."